விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு

எதைக் கையில் கொடுத்தாலும் அவர் முதலில் ஜன்னலுக்குத்தான் எடுத்துச் செல்வார். கத்தரிக்காயானாலும் சரி, கல்யாணப் பத்திரிகையானாலும் சரி. அடையாற்றில் எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில், கிழக்கு பார்த்த சிறிய வீட்டில் தனியாக இருந்தார். அந்த ஜன்னலுக்குத் திரை போட்டதே இல்லை. தெருவில் போகிறவர்கள் உள்ளே பார்ப்பார்களே என்று நான் ஒருமுறை கேட்டேன். அவர்கள் பார்ப்பது அவர்கள் பாடு, எனக்கு வெளிச்சம் வேண்டும் என்றார். குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்பதால் எனக்கு அந்தச் சொல் உறவைப் போலவே பொருந்திவிட்டது.

அரசு மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நோயாளியின் உடலிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதிப்பார்கள். அந்த மெழுகுக் கட்டியைத் தாளைவிட மெல்லிய சீவல்களாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி மருத்துவரின் நுண்ணோக்கிக்கு அனுப்புவது அக்காவின் வேலை. சீவுகிற கத்தியைத் தினமும் கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்து வைப்பதும் அவருடைய பொறுப்பாகவே இருந்தது. ஒருமுறை தேய்ந்ததும் தூக்கியெறியும் பிளேடுகள் பிற்பாடு வந்துவிட்டன. ஆனால் அதற்குள் அவருடைய விரல்கள் கல்லுக்குப் பழகிப்போயிருந்தன. ஓய்வு பெற்ற மறு மாதமே சவரக்கத்திகளுக்குக் கூர் போடத் தொடங்கினார்.

இந்தக் காலத்தில் யார் சவரக்கத்தி வைத்திருக்கிறார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். தரமணியிலிருந்தும் அசோக் நகரிலிருந்தும் இளைஞர்கள் வண்டியில் வந்து இறங்குவார்கள். இணையத்தில் பழைய வெளிநாட்டுக் கத்தியை ஆசையாக வாங்கி, முதல் நாளே கன்னத்தைக் கிழித்துக்கொண்டு, நண்பன் சொல்லி அக்காவைத் தேடி வந்தவர்கள். அவர்கள் நீட்டுகிற கத்தியை வாங்கி விரித்து, கூரைத் தொடாமல் முதுகைப் பிடித்து, அக்கா ஜன்னலுக்குப் போவார். தியாகராய நகரில் நகைத்தொழில் சாமான் விற்கும் கடையில் வாங்கிய சிறு லென்ஸை வலது கண்ணில் இடுக்கிக்கொள்வார். அதன் பிறகு ஐந்து நிமிடத்துக்கு யாரும் பேசக் கூடாது.

அவர் தேடியது என்ன என்பதை எனக்கு ஒருநாள் காட்டினார். கூர் நன்றாக இருக்கும் கத்தியின் விளிம்பை நேராக வெளிச்சத்துக்குக் காட்டினால் அங்கே எதுவும் தெரியாது. ஒளி பட்டுத் திரும்புவதற்கு இடமே இருக்காது. மழுங்கிய கத்தியில்தான் விளிம்பு நெடுக மெல்லிய வெள்ளைக் கோடு மின்னும். விளிம்பில் துணுக்கு பெயர்ந்த, அதாவது பல் உடைந்த இடத்தில் அந்தக் கோடு ஒரு புள்ளியாகத் தடிக்கும். கண்ணுக்குத் தெரிந்தால் அது கூர் இல்லை என்பார். அந்தக் கோடு மறையும்வரை வேலை முடிந்ததென்று அவர் வாயிலிருந்து வராது.

விளிம்பில் மார்க்கர் பேனாவால் கறுப்பு மை தடவுவார். கத்தியைக் கல்லில் படுக்க வைத்து, முதுகும் கூரும் ஒருசேரப் படியும்படி நாலு இழுப்பு இழுத்துவிட்டு எடுத்துப் பார்ப்பார். மை அழிந்த இடத்தில் கல் பட்டிருக்கிறது, அழியாத இடத்தில் படவில்லை. பிறகு மறுபடி மை, மறுபடி கல். கடைசியில் தோல்வாரில், கூர் பின்னால் வரும்படி நிதானமாக இழுப்பார். சீப்பில் சிக்கிய தன் நரைமுடி ஒன்றை இரு விரலில் தொங்கவிட்டு விளிம்பில் தொடுவார். முடி ஓசையில்லாமல் இரண்டாகும். ஆகாவிட்டால் மீண்டும் கல்லுக்கு.

எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு இருந்தது. ஆய்வகப் பழக்கம். வந்த நாள், யாருடையது, என்ன கோளாறு, எதனால், முடித்த நாள் என்று ஐந்து கட்டங்கள். நான்காவது கட்டம்தான் வருகிறவர்களை நெளியவைக்கும். வாஷ்பேசின் குழாயில் இடித்தது, ஈரத்தோடு மூடிவைத்தது, தோல்வாரில் தலைகீழாக இழுத்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதுவார். ஓர் இளைஞன் கத்தி தானாகவே இப்படி ஆகிவிட்டது என்று சாதித்தான். அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தானாகவே பார்சல் உறையைக் கிழித்ததா, அட்டைப்பெட்டியைக் கிழித்ததா என்று மட்டும் கேட்டார். அட்டைப்பெட்டி என்று அவன் முனகினான். அதுவும் நோட்டில் ஏறியது.

அந்தப் பையனுக்கு நிச்சயதார்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் வேண்டும், மேலோட்டமாகத் தீட்டினால் போதும் என்று கெஞ்சினான். விளிம்பில் உடைந்த பல்லை முழுவதும் தேய்த்தெடுக்காமல் தர முடியாது, மூன்று வாரமாகும் என்றார் அக்கா. மணப்பெண் தன்னைத் தாடியோடு பார்த்தே சம்மதித்தாள் என்று பிறகு இனிப்புப் பெட்டியோடு வந்து சொன்னான்.

மந்தைவெளியில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஒருவரும் அவ்வப்போது வருவார். வாசலிலேயே தொடங்கிவிடுவார்.

"இன்னா மேடம், நம்ம தொழிலையே புட்சிக்கினீங்க?"

"தொழில் உன்னோடதுதான் நைனா. கத்திய மட்டும் குடு, உள்ள வா."

அவருடைய கத்திரிக்கோலையும் பார்த்துக் கொடுப்பார். போகும்போது அவர், இந்த அம்மா கண்ணுக்குத் தப்ப முடியாது என்று என்னிடம் ரகசியமாகச் சொல்வார். அவர் குரலில் பாராட்டும் இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது. எங்கள் எல்லோருக்கும் அது இருந்தது.

கண்டதைச் சொல்வது அக்காவுக்குக் கத்தியோடு நிற்கவில்லை. இரண்டாவது மாடிப் பெண்ணின் அரங்கேற்றம் மயிலாப்பூரில் நடந்தபோது குடியிருப்பே போயிருந்தோம். வெளியே வரும்போது அந்தப் பெண்ணின் தாய் எல்லோரிடமும் எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் கண்பட்டுவிடும் என்றோம், தெய்வீகம் என்றோம். அக்கா, வர்ணத்தின் பாதியிலிருந்து வலது காலில் வலியோடு ஆடினாள் என்றார். அந்தத் தாய் இரண்டு மாதம் அக்காவோடு பேசவில்லை. பெண் மறுநாளே கீழே இறங்கி வந்து, யாருக்கும் தெரியாதென்று நினைத்தேன் என்று சொல்லி அழுதாளாம். கணுக்காலில் மெல்லிய எலும்பு முறிவு இருந்தது எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது.

இதை ஏன் கொஞ்சம் இதமாகச் சொல்லக் கூடாது என்று நான் கேட்டேன். அப்போதுதான் ஆய்வகத்தில் நடந்த ஒன்றைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கத்தியில் ஒரு பல் உடைந்திருந்ததைக் கவனிக்காமல் சீவிவிட்டார். சீவலின் குறுக்கே கீறல் விழுந்திருந்தது. பரவாயில்லை, அனுப்பிவிடு என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். இவர் மருத்துவரிடம் போய், கீறல் என் கத்தியுடையது, நோயாளியுடையது இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடி சீவிக் கொடுத்தார். அன்றைக்குக் கிடைத்த திட்டு பலமானது. "என் கத்தி போட்ட கோட்டை அவங்க உடம்புல இருக்கற கோடுன்னு யாரும் படிச்சிடக் கூடாதில்லம்மா" என்றார். அந்த வாக்கியம் ஒருநாள் என் வீட்டுக்கே வந்து நிற்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

என் கணவர் வரைபடக் கலைஞராக இருந்தவர். முப்பது ஆண்டுகளாக ஒரே சவரக்கத்தியில் முகம் மழித்து வந்தார். அவருடைய வலக்கையில் நடுக்கம் தொடங்கியது. முதலில் காபிக் கோப்பை தட்டில் சிணுங்கியது. பிறகு சட்டைப் பொத்தான், கையெழுத்து, சோற்றுக் கவளம் என்று ஒவ்வொன்றாக அவர் கையை விட்டுப் போயின. நரம்பு மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லி, இது மெல்லக் கூடும், குறையாது என்றார். ஒவ்வொன்றுக்கும் அவர் என்னைக் கூப்பிட வேண்டியிருந்தது. சவரத்துக்கு மட்டும் கூப்பிடவில்லை. கண்ணாடி முன் நின்று இடக்கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் கத்தியைக் கன்னத்துக்குக் கொண்டுபோவதை நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். மகன் அனுப்பிய மின்சாரச் சவரக்கருவி உறை பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்தால், மற்றதெல்லாம் போயாயிற்று, இதுவும் போகிறது என்று நானே அறிவிப்பது போலாகும். எனக்கு வாய் வரவில்லை.

வாய் வராததை என் கை செய்தது. ஒரு பிற்பகல், அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது கத்தியை எடுத்து, பீங்கான் கோப்பையின் அடியில் உள்ள சொரசொரப்பான வளையத்தில் விளிம்பைக் குறுக்கே வைத்து இழுத்தேன். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, நாலைந்து முறை. மழுங்கிய கத்தி வெட்டாது என்று நினைத்தேன். இனி இது ஆகாது என்று அவரே விட்டுவிடுவார் என்றும் நினைத்தேன். நாற்பது வருடம் சமையலறையில் நின்றவள் நான். தக்காளியை நசுக்குகிற கத்திதான் விரலில் இறங்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அன்றைக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை கத்தி முடியை இழுத்தது, வெட்டவில்லை. அவர் அழுத்தினார். அழுத்திய கை நடுங்கியது. தாடைக்குக் கீழே மூன்று தையல் போட வேண்டியிருந்தது.

கட்டுப் போட்ட முகத்தோடு அன்று மாலையே கத்தியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கூடவே நானும் போனேன். அக்கா வழக்கம்போல ஜன்னலுக்குப் போனார். லென்ஸை இடுக்கினார். அந்த ஐந்து நிமிடம் எனக்கு எப்படிப் போயிற்று என்று எழுத முடியாது. பார்த்து முடித்து லென்ஸை எடுத்தவர் என்னைத்தான் முதலில் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கணவர் கேட்டார். சரி பண்ணிவிடலாம், கொஞ்ச நாள் ஆகும் என்றார் அக்கா. நோட்டைத் திறந்து வந்த நாள் எழுதினார், பெயர் எழுதினார், கோளாறு எழுதினார். நான்காவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. மூடியைப் போட்டு நோட்டை மூடிவிட்டார்.

மறுநாள் காலையில் நானே போனேன். அக்கா லென்ஸை என் கையில் கொடுத்து, கத்தியை வெளிச்சத்தில் பிடித்தார். விளிம்பு நெடுக வெள்ளைக் கோடு மின்னியது.

"ஷேவ் பண்ணித் தேஞ்சா ஒரு இடம் அதிகமா இருக்கும், ஒரு இடம் கம்மியா இருக்கும். இது இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிவரைக்கும் ஒரே சீரா இருக்கும்மா."

"பயமா இருந்துச்சுக்கா."

"பயந்தது தப்பில்ல. கூரா இருந்தா கத்தி தானா போகும். மொக்கையா இருந்தா கை அழுத்தும். அந்தக் கை அழுத்தலாமா?"

அவரிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். சொல்ற வரைக்கும் கத்தி இங்கயே இருக்கட்டும்."

அதன் பிறகு ஒன்பது நாள். ஒவ்வொரு காலையும் கணவர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு பதினெட்டுப் படி இறங்கிப் போய்க் கேட்பார். தருகிறேன் சார், இன்றைக்கு இல்லை என்பார் அக்கா. வேலை முடியவில்லை என்று ஒருநாளும் சொல்லவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. மேலிடத்து ஒப்புதல் வரவில்லையாம் என்று கணவர் சிரித்துக்கொண்டே திரும்பி வருவார். வெண்தாடி ஏறிக்கொண்டே போனது. எங்கள் காவலாளி அவரை வழிமறித்து, "இன்னா சார், தாடி வச்சிக்கினு காசிக்குக் கெளம்பிட்டீங்களா? அம்மாவாண்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பத்தாம் நாள் அவர் படியிறங்கவில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தன் வலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்தியை நான்தான் கெடுத்திருக்கேன்" என்றார். "தோல்வார்ல தப்பா இழுத்திருப்பேன். கை எங்க போகுதுன்னு எனக்கே தெரியறதில்ல. அவங்க பாவம், சொல்லச் சங்கடப்பட்டுத் தராம வச்சிருக்காங்க. இனிமே வேணாம். விட்டுடறேன்."

நான் ஆசைப்பட்டது அதுதான். அவராகவே விட வேண்டும் என்பதுதான். நான் போட்ட கோட்டைத் தன் கை போட்ட கோடு என்று படித்து அவர் விட்டுவிட்டார். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்து சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"எதுல இழுத்த?"

"காபிக் கோப்பை அடியில."

"எந்தக் கோப்பை?"

"நீலப் பூப்போட்டது."

"அதுலதானே தினம் எனக்குக் காபி குடுக்கறே."

"ஆமா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

யோசித்தார். "கேட்டிருக்க மாட்டேன்" என்றார். தாடைத் தையலின் மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டார். "நீ போய் வாங்கிட்டு வா. என்கிட்டதான் தர மாட்டேங்கறாங்களே."

அக்கா கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்தார். எண்ணெய்த்தாளில் சுற்றி, மேலே சீட்டு ஒட்டியிருந்தது. முடித்த நாள் என்று அதில் இருந்த தேதி, நான் லென்ஸில் பார்த்ததற்கு மறுநாள். ஒன்பது நாளாகக் கத்தி தயாராக இருந்திருக்கிறது.

நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். பக்கம் முழுவதும் நிரம்பியிருந்தது, ஒரு கட்டத்தைத் தவிர. பேனாவை நீட்டினார். கோப்பையின் அடியில் இழுத்தது என்று எழுதினேன். படித்துவிட்டு, யார் என்று இல்லையே என்றார். என் பெயரையும் எழுதினேன். மை காயும்வரை காத்திருந்து நோட்டை மூடினார். அதைப் பற்றி அவர் பிறகு ஒரு சொல் பேசியதில்லை.

என்னோடு மாடிக்கும் வந்தார். கணவர் எழுந்து நின்றார். நாங்கள் இத்தனை மாதம் சுற்றிச் சுற்றி வந்ததை அக்கா நின்றபடியே சொன்னார்.

"கத்தி சரியாயிடுச்சு சார். கை சரியாகாது. உங்க கையில இதைக் குடுக்க எனக்கு மனசு வரல."

அறையில் ஏதாவது உடையும் என்று பயந்தேன். ஒன்றும் உடையவில்லை. கணவர் மெல்லத் தலையசைத்தார். ஓர் அளவை மற்றவர் சரிபார்த்துச் சொன்னால் வரைபடக் கலைஞர் தலையசைப்பது போல. சோப்பு நுரை நானே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக என்றார் அக்கா. கத்தி என் கைக்கு வந்தது.

கன்னத்தின் தோலை எப்படி இழுத்துப் பிடிப்பது, கத்தியை எவ்வளவு சாய்ப்பது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு அக்கா பக்கத்தில் நின்று பார்த்தார். கணவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கத்தி போனது எனக்குத் தெரியவே இல்லை. நுரை விலகி முகம் வந்ததுதான் தெரிந்தது. கிளம்பும்போது அக்கா வாசலில் திரும்பி நின்று சொன்னார்.

"அழுத்தாதீங்க. அழுத்தணும்னு தோணுச்சுன்னா நிறுத்திட்டு என்கிட்ட கொண்டாங்க."

மூன்று வருடம் கொண்டுபோனேன். ஒருநாள் அக்கா லென்ஸை எடுத்துவிட்டு மறுபடி இடுக்கினார், மறுபடி எடுத்தார். விழித்திரையின் நடுவில் கோளாறு, திரும்பி வராது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இனி எல்லாக் கத்தியும் எனக்குக் கூராகத்தான் தெரியும், அப்படிப்பட்டவளிடம் யாரும் கத்தி தரக் கூடாது என்று எல்லோருக்கும் அவரே தொலைபேசியில் சொன்னார். கையிலிருந்த ஏழு கத்திகளையும் உரியவர்களைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் நோட்டில், பார்வை போனதால் முடிக்கவில்லை என்று எழுதினார். எழுத்து வரிக்கு வெளியே போயிருந்தது. ஒரு கல்லையும் லென்ஸையும் எனக்குக் கொடுத்துவிட்டுத் தாம்பரத்தில் தம்பி மகள் வீட்டுக்குப் போனார்.

அந்தத் தம்பி மகள் போன மாதம் ஒரு காலையில் அழைத்தாள். கணவர் அப்போதுதான் நுரையைப் பூசி முடித்திருந்தார். சமையலறையில் நின்று கேட்டுவிட்டு, சவரம் முடிந்தபின் சொல்லலாம் என்று முடிவு செய்து வந்தேன். நான் அமைதியாகத்தான் இருந்தேன். கன்னம் முடிந்து தாடைக்கு வந்தேன், பழைய தழும்புக்குப் பக்கத்தில்.

"அழுத்தற" என்றார் கணவர், கண்ணைத் திறக்காமல்.

நிறுத்தினேன். அவர் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். போனில் யார் என்று கேட்டார். சொன்னேன். "அக்கா போயிட்டாங்க." நுரை அவர் முகத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

கத்தியைத் துடைத்து ஜன்னலுக்கு எடுத்துச் சென்றேன். லென்ஸை இடுக்கிக்கொண்டு, விளிம்பை நேராக வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெல்லப் பார்த்தேன். அங்கே எதுவும் தெரியவில்லை. கத்தி சரியாகத்தான் இருந்தது.